மரக்குதிரையின் மறுபாதி

சாம்பிஞி, பாரிஸ் அருகே
8 பிப்ரவரி 1970
(எவரிஸ்தோ கையில்)

அன்புத் தங்கை சுல்மிராவுக்கு,

இது உன் கையில் சேரும்போது நீயும் அம்மாவும் சில்வேரியோவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். இருமல் மட்டும் இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. குடிசைக்குள் ஆறு பேர், வெளியே முழங்கால் அளவு சேறு.

அப்பாவைப் புதைத்த அன்று நான் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். தகடுகளில் துளை போட்டேன். திரும்பி வந்தபோது உன் தந்தி கட்டிலில் கிடந்தது. வந்திருந்தாலும் சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்க விட்டிருக்க மாட்டார்கள். ராணுவத்துக்கு அகப்படாமல் ஓடியவனுக்கு எல்லையில் சிறை, சிறையிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பல்.

தபாலில் வருவதை யார் பிரிக்கிறார்கள் என்று அஞ்சல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது கையில் வருகிறது. ஆகவே நேராக எழுதுகிறேன். சில்வேரியோவை இந்த ஆண்டு அழைப்பார்கள். அவன் போகக் கூடாது.

உறைக்குள் பாதிப் படம் இருக்கிறது. சந்தையில் எடுத்தது, நினைவிருக்கும். நடுவில் மரக்குதிரை மேல் சில்வேரியோ, ஏழு வயது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நான். வால் பக்கம் நீ. நடுவில் கிழித்தேன். அவன் மேல்தான் கிழிசல் போகிறது, வேறு வழியில்லை. வால் பாதி உனக்கு. தலைப் பாதி ஒரு சாணைக்காரனிடம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கலீசியாக்காரன், மலைப் பாதை தெரிந்தவன். மார்ச் இரண்டாம் சந்தை நாளில் வருவான். அவன் பாதியும் உன் பாதியும் பொருந்தினால் அவன் நம் ஆள். பொருந்தாவிட்டால் போலீஸ் அனுப்பியவன். பொருந்தியதும் அவன் பாதியை நீ வாங்கி வைத்துக்கொண்டு, உன் பாதியைச் சில்வேரியோவிடம் கொடுத்துச் சாணைக்காரனோடு அனுப்பு. ஒரு ரொட்டி, இன்னொரு ஜோடி காலுறை, போதும். இங்கே வந்து சேர்ந்ததும் அந்தப் பாதியைச் சில்வேரியோ உனக்கு அனுப்புவான். நான் வந்தபோதும் என் படத்தின் பாதியை அப்படித்தான் அனுப்பினேன். நீ இரண்டையும் மேஜையில் சேர்த்து வைத்துவிட்டு அம்மாவிடம் "சேர்ந்துட்டாம்மா" என்று சொன்னாயாம்.

ஆள் வருவான், படம் வரும், ஊதல் கேட்டதும் மாவு ஆலையடியில் காத்திரு என்று சில்வேரியோவுக்குப் போன ஆகஸ்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மாவுக்குப் பிறகு சொல்.

எவரிஸ்தோ சொத்தேலோ ஊர்க்காரன். நாற்பத்தாறு வயது, முறையான காகிதம் உள்ளவன், மனைவியைப் பார்க்கப் போகிறான். "உன் தங்கச்சியை எப்படிடா அடையாளம் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். "கவுன்டருக்குப் பின்னாடி சிரிக்காம ஒருத்தி உக்காந்திருப்பா. அவதான்" என்றேன். குடிசையே சிரித்தது.

அம்மாவின் கைகளுக்கு முத்தம்.
உன் அண்ணன் அதெலினோ


உர்சேரா
22 மார்ச் 1970
(தபாலில்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பனி இன்னும் முழுதும் உருகவில்லை. செஸ்ட்நட் மரங்களில் ஒன்று விழுந்துவிட்டது. விறகாக்கினோம்.

சந்தை நாளில் ஒரு சாணைக்காரன் வந்தான். கத்தரிக்கோலைக் கொடுத்தேன், தீட்டினான், போய்விட்டான். அவன் ஊதல் ஊதினால் மழை வரும் என்பார்கள். வந்தது. சில்வேரியோ சாயங்காலம் முழுக்க ஆலையடியில் மழையில் உட்கார்ந்திருந்து காய்ச்சலோடு வந்தான். இப்போது தேவலை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. எழுது.

உன் தங்கை
சுல்மிரா


சாம்பிஞி
19 ஏப்ரல் 1970
(பிரெஞ்சு ஆசிரியை ஒருத்தியின் கையில்)

அன்புத் தங்கைக்கு,

சுகமா? நான் சுகம்.

இதைக் கொண்டுவருகிறவள் சுற்றுலாப் பயணி. அவள் பையை எல்லையில் திறக்க மாட்டார்கள். அவளிடமே பதில் கொடு.

சாணைக்காரன் திரும்பி வந்து தலைப் பாதியை என் மேஜையில் வைத்தான். "உன் தங்கச்சிகிட்ட காட்டினேன். இது என்னன்னு கேட்டா. கத்தரிக்கோலைக் குடுத்தா. மழையில நாலு நாள் நடந்தேன்டா ஒரு கத்தரிக்கோலுக்காக" என்றான்.

பிறகு எவரிஸ்தோ ஊரிலிருந்து வந்தான். நான் கேட்டது குடிசைக்குள், எல்லோர் முன்னாலும். அது தவறோ என்னவோ.

"அவ கையிலயே குடுத்தேன். தபால் தலை ஒட்டிட்டிருந்தா. நீல ஸ்வெட்டர்."

"அவளுக்கு வரலையாம்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்ப என் தங்கச்சி பொய் சொல்றாளா?"

அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். யாரோ பின்னாலிருந்து, "போலீஸ்காரன் என்னடா வாங்கிக் குடுத்தான்? ஒரு கிளாஸ் ஒயினா, ரெண்டா?" என்றான். நான் தடுக்கவில்லை. மறுநாள் அவன் மெத்தை வெளியே சேற்றில் கிடந்தது.

இங்கே நாற்பது ஊர் ஆட்கள் இருக்கிறோம். ஒவ்வொருவனும் பக்கத்தில் படுப்பவனைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறான். ஊரைவிட்டு ஓடிவந்தோம். அந்தப் பார்வை கூடவே வந்துவிட்டது.

உன்னைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரே தட்டில் சூப் குடித்து வளர்ந்தவர்கள் நாம். இருந்தாலும் ஒரு வரி எழுது. உறை வந்ததா, இல்லையா? வரவில்லை என்றால் அது போலீஸிடம் இருக்கிறது. சில்வேரியோவை இன்னும் ஓராண்டுக்கு நகர்த்த முடியாது. அந்தப் பாதையும் போயிற்று.

அதெலினோ


உர்சேரா
2 மே 1970
(அதே ஆசிரியையின் கையில்)

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இரு. நாங்கள் சுகம்.

நீ கேட்ட ஒரு வரி: உறை எனக்கு வரவில்லை.

அந்த மனிதரை ஒன்றும் செய்யாதீர்கள். கடிதங்கள் தாமாகவே தொலைவதும் உண்டு. பதினோரு ஆண்டு இந்த மேஜையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன். பேருந்தில் விழுந்திருக்கலாம். வயதானவர், மறந்திருக்கலாம். அவருடைய மெத்தையை உள்ளே எடுத்துப் போடு.

ரகசியப் போலீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றாமல் கவுன்டரில் சாய்ந்து நின்றார்கள். "அண்ணன் ஓடிட்டான். தம்பியும் ஓடினா, அரசாங்கத்தோட தபாலை உன் கையில எப்படிம்மா விட்டு வைக்கிறது?" என்றான் ஒருவன், தபால் தலைகளைத் தடவிக்கொண்டே. மரியாதையாகத்தான் பேசினான்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. பாதிரியார் அபீலியோவுக்குப் பிரகான்சா நகரில் ஒரு மேஜரைத் தெரியும். அவரிடம் சொல்லியிருக்கிறார். இந்த ஆண்டு உப்பிட்ட பன்றித் தொடைகள் இரண்டும் அங்கே போயின. சில்வேரியோவுக்கு லிஸ்பன் ராணுவக் கிடங்கில் வேலை. கம்பளி எண்ணுவது. மேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவான்.

நீ போய் ஆறு வருடமாகிறது. உனக்கு எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

சுல்மிரா


சாம்பிஞி
30 நவம்பர் 1970
(கையில்)

தங்கைக்கு,

ஏழு மாதமாகிவிட்டது. கம்பளி எண்ணும் வேலை என்று நீ எழுதியதைப் படித்த பிறகு பேனா எடுக்க முடியவில்லை. மேஜர்களின் வாக்கை நம்பும் ஊரிலிருந்துதான் நானும் வந்தேன் என்பதை மறந்திருந்தேன்.

சுகம்தான். நீங்களும் சுகமாக இருங்கள்.

எவரிஸ்தோ சேற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வண்டிப் பெட்டிக்குள் தனியாக இருக்கிறான். அதன் கதவில் யாரோ தாரில் உளவாளி என்று எழுதினார்கள். அவன் அழிக்கவில்லை. அவனுக்குப் படிக்கத் தெரியாது. யாரும் வாசித்துக் காட்டவும் இல்லை. தண்ணீர்க் குழாயில் அவன் வந்தால் வரிசை விலகுகிறது. முதலில் தனக்கு மரியாதை தருகிறார்கள் என்று நினைத்தானாம்.

நேற்று வழியில் என்னை நிறுத்தினான். "உன் தம்பி எப்படியிருக்கான்?" என்றான். நான் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அதெலினோ


உர்சேரா
15 ஆகஸ்ட் 1971
(தபாலில்)

அன்புள்ள அண்ணனுக்கு,

இது உன்னைச் சுகமாகக் காண வேண்டும். அம்மாவும் நானும் சுகம்.

தம்பி ஜூலையில் கப்பலேறினான். ஆப்பிரிக்காவுக்கு, கினிக்கு. மேஜர் வசந்தத்திலேயே மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

லிஸ்பனுக்குப் போனேன். முதல் முறையாகக் கடலைப் பார்த்தேன். துறை முழுக்கப் பெண்கள், வெள்ளைக் கைக்குட்டைகள். எந்தத் தலை அவனுடையது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கே கையசைத்தேன். வேறு யாருடைய தம்பியோ.

ஏறுவதற்கு முன் ரொட்டி கொடுத்தேன். "நீ குடுத்த காலுறையைத்தான் போட்டிருக்கேன்க்கா. ஆலையடியில காத்திருந்தேனே, அன்னைக்குக் கட்டி வெச்சது" என்றான்.

அம்மா கேட்கிறாள்: "கினி எங்கடி இருக்கு? பிரகான்சாவைத் தாண்டியா?" ஆமாம் என்றேன்.

சுல்மிரா


கினி
3 மார்ச் 1972
(படைவீரர்களுக்கான இலவச மஞ்சள் தாளில், சுல்மிரா இதை அண்ணனுக்கு அனுப்பிவைத்தாள்)

அக்கா,

நீயும் அம்மாவும் சுகம்தானே. நான் சுகம். கொசு என்னைவிடச் சுகம்.

இங்க பகல்ல தூக்கம், மிச்ச நேரம் நடை. முன்னாடி போறவன் கால் வெச்ச இடத்துலயே கால் வைக்கணும். ஒரு மாசமா நான் ஒருத்தனோட குதிகாலைத்தான் பார்த்துட்டிருக்கேன். அவன் பேரு தொமெனிக்கோ. முகத்தைப் பார்த்தா அடையாளம் தெரியாது, குதிகாலைக் காட்டினா சொல்லிடுவேன்.

போன வாரம் ஒரு கிராமத்தைக் கொளுத்தினோம். எதுக்குன்னு சொல்லல. ஒரு கிழவர் வாசல்லயே உக்காந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னோம். எழுந்து, நாற்காலியை எடுத்துட்டு நாலடி தள்ளிப் போட்டு, மறுபடியும் உக்காந்து வீடு எரியறதைப் பார்த்தார். அப்பா ஞாபகம் வந்துச்சு. இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். யாரையோ எடுத்துட்டுப் போகத்தான் வரும். நம்மளை இல்லைன்னு சந்தோஷம், நம்மளை இல்லையேன்னு பொறாமை.

அந்தச் சாணைக்காரன் இன்னும் வர்றானா? அன்னைக்கு அந்த ஊதல் கேட்டதும் ஓடிப்போய் ஆலையடியில உக்காந்தேன். நீ வந்து "அவன் இல்லடா, இது வேற ஆள்"னு சொன்ன. இருட்டுற வரைக்கும் நான் நம்பல.

இன்னும் பதினாறு மாசம்.
சில்வேரியோ


சாம்பிஞி
14 மே 1972
(கையில்)

தங்கைக்கு,

சில்வேரியோவின் தாள் கிடைத்தது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மூன்றாவது பத்தியை நான் வாசிப்பதில்லை. அதில் நாற்காலி என்ற சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சுகம் எழுது. நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் துளை போடும் தகடுகள் எதற்கென்று எட்டு ஆண்டாகக் கேட்டதில்லை. போன வாரம் பெட்டி ஏற்றும் இடத்துக்கு அனுப்பினார்கள். பெட்டிகளின் மேல் லிஸ்பன் என்றிருந்தது. மேஸ்திரி முதுகில் தட்டி, "உங்க ஊருக்குத்தான் போகுது, ஹெலிகாப்டருக்கு. சந்தோஷமா?" என்றான். நல்ல மனிதன். கேலி செய்யவில்லை.

இந்த நாட்டுத் தலைவர்கள் நம் போரைப் பற்றி மேடையில் வருத்தப்படுகிறார்கள். பெட்டிகள் செவ்வாய்க்கிழமைகளில் போகின்றன. வேலையை விட்டால் வசிப்பு அட்டை போகும். அட்டை போனால் எல்லை. எல்லையில் கப்பல். ஆகவே துளை போடுகிறேன். அந்தப் போரிலிருந்து தப்பி வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இன்னொன்று. எவரிஸ்தோ ஜனவரியில் இறந்துவிட்டான். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்து, இடுக்குகளைத் துணியால் அடைத்திருக்கிறான். புகை போக வழியில்லை. மூன்று நாள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. அடக்கத்துக்கு ஒரு பாதிரியாரும் நகராட்சி ஆள் ஒருவரும். நான் போகவில்லை. உளவாளிதான். ஆனாலும் மூன்று நாள்.

அவன் மனைவிக்கு அதிகாரிகள் அனுப்பியது பிரெஞ்சுக் காகிதம். அவளுக்கு நம் மொழியில் யாராவது எழுத வேண்டும். எனக்கு எழுத வரவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நீதானே எழுதுகிறாய். நீ எழுது.

அதெலினோ


உர்சேரா
1 ஜூலை 1972
(கையில்)

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அம்மா சுகம்.

எழுதினேன். நாலு வரி. தூக்கத்திலேயே போனார், வலி இல்லை, நண்பர்கள் உடனிருந்தார்கள் என்று எழுதினேன்.

அவளுக்கும் படிக்கத் தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சொத்தேலோவிலிருந்து நடந்து என்னிடமே வந்தாள். கவுன்டரில் நின்று, "வாசிச்சுக் காட்டுங்கம்மா" என்றாள். நான் எழுதியதை நானே வாசித்தேன். "நண்பர்கள் உடனிருந்தார்களா? நிஜமாவா?" என்று கேட்டாள். அந்த வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கறுப்புச் சால்வைக்குள்ளிருந்து ஆறு முட்டைகளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதவில்லை.

சுல்மிரா


லிஸ்பன்
25 பிப்ரவரி 1973
(தபாலில்)

அண்ணா,

சில்வேரியோ உயிரோடு இருக்கிறான்.

ராணுவ மருத்துவமனையில் மூன்று நாளாக இருக்கிறேன். கண்ணிவெடி. மிதித்தது அவன் அல்ல, முன்னால் போன தொமெனிக்கோ. அவன் பிழைக்கவில்லை. இவனுக்குக் கால் இரண்டும் இருக்கின்றன, கைகள் இருக்கின்றன. கண்கள் இல்லை. இரண்டும்.

மருத்துவர் சொன்னார்: இருபது நிமிடத்தில் ஹெலிகாப்டர் வந்ததால்தான் பிழைத்தான். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்வது நல்லதா என்று தெரியவில்லை.

நான் அவன் கையைப் பிடித்தபோது, "சோப்பு வாசம். அக்கா" என்றான். பிறகு, "இன்னும் அஞ்சு மாசம்தான் பாக்கி இருந்துச்சு" என்றான். யாரோ பேருந்தைத் தவறவிட்ட மாதிரிச் சொன்னான்.

நீ சுகமாக இரு.
சுல்மிரா


சாம்பிஞி
5 மே 1974
(தபாலில்)

அன்புத் தங்கைக்கு,

சுகமா? அம்மா? அவன்? உன் மூன்று கடிதங்களுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினேன். அனுப்பவில்லை.

இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன். பிரிக்க இனி யாருமில்லை. பத்து நாளாகக் குடிசைகளில் ரேடியோ நிற்கவில்லை. லிஸ்பனில் ராணுவமே அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டது, நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரே நாளில். இங்கே ஆண்கள் சேற்றில் நடனமாடினார்கள். நானும் ஆடினேன். நடுவில் கால் நின்றுவிட்டது. இது நான்கு ஆண்டுக்கு முன் நடந்திருந்தால் என்று ஒரு நினைப்பு. இரண்டு ஆண்டுக்கு முன் என்றாலே போதும். பிறகு உள்ளே போய்ப் படுத்தேன்.

எங்களைப் போல் ஓடியவர்களுக்கு மன்னிப்பாம். மன்னிப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஜூலையில் வருகிறேன்.

ரகசியப் போலீஸின் அலமாரிகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். உளவு சொன்னவர்களின் பெயர்ப் பட்டியல் உள்ளே இருக்கிறது. லிஸ்பனில் என் நண்பன் ஒருவன் அங்கே காவலுக்கு நிற்கிறான். எவரிஸ்தோவின் பெயரைத் தேடிச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அதை எழுத்தில் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாள் எனக்கு இன்னும் முடியவில்லை, சுல்மிரா. பெயரைப் பார்த்துவிட்டால் முடிந்துவிடும்.

தலைப் பாதியைக் கொண்டுவருகிறேன். சில்வேரியோவிடம் கொடுக்க. அவனுக்கு அது எதற்கு என்று இப்போது எழுதியபிறகுதான் தோன்றுகிறது.

அதெலினோ


உர்சேரா
9 ஜூன் 1974
(சுல்மிராவின் கையெழுத்தில்)

அண்ணே,

நான் சில்வேரியோ பேசறேன். அக்கா எழுதறா. நான் சொல்ற மாதிரியே எழுதணும்னு சொல்லியிருக்கேன்.

நீ சுகமா இருக்கணும். நான் சுகம். அம்மா சுகம். அக்கா சுகமான்னு கேட்டேன், பதில் வரல. அதை விட்டுடலாம்.

நீ வர்றப்ப நான் போட்டுக்க ஒரு கோட்டு வேணும்னு பெட்டியில அப்பாவோட கறுப்புக் கோட்டை எடுத்தேன். தோள் சரியா இருக்கு. உள்பையில ஏதோ குத்துச்சு. ஒரு அட்டை. மூணு ஓரம் நேரா இருந்துச்சு. நாலாவது ஓரம் ரம்பம் மாதிரி.

அக்காவைக் கூப்பிட்டு இது என்னன்னு கேட்டேன். புனிதர் படம்னா. எந்தப் புனிதர்னு கேட்டேன். அந்தோணியார்னா. அந்தோணியாரை யாருக்கா பாதியாக் கிழிச்சதுன்னு கேட்டேன். அதுக்கப்புறம் நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுச்சு. உக்காந்துட்டா.

எல்லாத்தையும் சொன்னா. எவரிஸ்தோ அண்ணன் கவுன்டர்ல அவ கையிலயே குடுத்தாராம். நீல ஸ்வெட்டர்தானாம். சாணைக்காரன் தன் பாதியை நீட்டினப்ப இவ பாதி பாவாடைப் பையிலயே இருந்துச்சாம். அதுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால கத்தரிக்கோலைக் குடுத்திருக்கா.

அந்தப் பொம்பளை முட்டையை வெச்சுட்டுப் போறப்ப சொன்னதும் இதுதானாம்: "உங்க அண்ணன் குடுத்த உறையைக் குடுத்துட்டேன்னு அன்னைக்கு என் புருஷன் வீட்டுக்கு வந்து சொன்னார். உங்களைப் பத்தியும் சொன்னார். நல்ல பொண்ணு, சிரிக்க மாட்டேங்குதுன்னார்."

ஏன்க்கா செஞ்சன்னு கேட்டேன். "அண்ணன் போய் வரவேயில்ல. அங்க போனா நீயும் வரமாட்ட. பட்டாளத்துக்குப் போனா ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு வந்துடுவ"ன்னா.

வந்துட்டேனேக்கான்னு சொன்னேன்.

இந்த இடத்துல பேனா நின்னுடுச்சு. காத்துட்டிருக்கேன்.

இப்ப எழுதறா.

உன் நண்பர்கிட்டச் சொல்லு, அந்தப் பட்டியல்ல தேட வேணாம். எவரிஸ்தோ பேர் அதுல இருக்காது. அந்த மூணு நாளை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல, அண்ணே. நீ வந்தப்புறம் நாம மூணு பேரும் சொத்தேலோவுக்கு நடந்து போகலாம். அந்த அம்மாகிட்ட யார் பேசறதுன்னும் தெரியல. உனக்கு வரப் பிடிக்கலைன்னா, அதுவும் எனக்குப் புரியும்.

அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்டினா. நான் சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. தாள்ல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொத்தேலோ அம்மாவும் இப்படித்தானே அவ முன்னாடி நின்னு கேட்டுட்டுப் போச்சு.

அதனால வால் பாதியை நானே உறைக்குள்ள வைக்கறேன். நானே எச்சில் தொட்டு ஒட்டறேன். காலையில பேருந்து டிரைவர் கையில நானே குடுக்கறேன். அக்கா என்ன எழுதியிருந்தாலும் சரி, இது உள்ள இருக்கும். உன் பாதியோட சேர்த்து வெச்சுப் பாரு.

போய்ச் சேர்ந்தவங்கதானே பாதியை அனுப்புவாங்க.

நான் வந்து சேர்ந்துட்டேன்.

சில்வேரியோ